கல்லணை முதல் கடைமடை வரை

ஆண்டுதோறும் ஜூன் மாதம் வந்துவிட்டால் போதும். காவிரி பாயும் ஊர்களில் ஒரே பேச்சுத்தான்.

"தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?"

டீக்கடையில் இதே கேள்வி. பஸ் நிற்கும் இடத்தில் இதே கேள்வி. குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

"கல்லணையைத் தாண்டிவிட்டதாம்."

"அப்படியானால் நம் ஊருக்கு எப்போது வரும்?"

காய்ந்து கிடக்கும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு விவசாயி நிற்கிறார். கையில் மண்வெட்டி. தலையில் துண்டு. வாய்க்காலின் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

முதலில் சருகும் குச்சியும் நுரையுமாக ஏதோ உருண்டு வருகிறது. அதன் பின்னால் கலங்கிய தண்ணீர் மெல்ல ஊர்ந்து வருகிறது. வெடிப்புகளில் இறங்குகிறது. மண் வாசனை எழுகிறது.

அந்த விவசாயி குனிகிறார். ஒரு கை தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிறகுதான் மடையைத் திறக்கிறார்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த எந்த ஊர் வழியாகப் போகிறது? எதையெல்லாம் உண்டாக்குகிறது? கடைசியில் யார் வயலில் போய் நிற்கிறது?

வாருங்கள். நாமும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து ஒரு பயணம் போய் வருவோம்.

மேட்டூரில் திறக்கும் கதவு

காவிரி பிறப்பது கர்நாடக மாநிலத்தில், குடகு மலையில் உள்ள தலைக்காவிரியில். கடலில் சேருவது பூம்புகாரில். இடையே சுமார் 800 கிலோமீட்டர் தூரம் நடக்கிறாள் காவிரி.

தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அவளை நிறுத்தி வைக்கும் இடம் மேட்டூர் அணை. 1934-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. அணையில் 120 அடி வரை தண்ணீர் தேக்கலாம். முழுதும் நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி!

ஜூன் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். ஜனவரி 28-ந் தேதி மூடுவது வழக்கம். தஞ்சைப் பக்கத்து விவசாயிக்குத் தீபாவளி, பொங்கல் தேதி மறந்தாலும் மறக்கும். ஜூன் 12 மறக்காது.

ஆனால் எல்லா ஆண்டும் அந்த நாளில் அணை திறந்ததில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடியும் அந்த நாளில் கதவு திறந்தது. 2022-ல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-லோ ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு தேதி முன்னே பின்னே போனால் என்ன என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அதற்கான பதிலைப் பின்னால் பார்ப்போம்.

மணல் மேல் ஓர் அணை

மேட்டூரை விட்ட தண்ணீர் ஈரோடு, கரூர் வழியாக வந்து முக்கொம்பை அடைகிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவே தீவுபோல் இருக்கிறது ஸ்ரீரங்கம்.

திருச்சியைத் தாண்டியதும் வருகிறது கல்லணை.

இதைக் கட்டியவன் கரிகால் சோழன் என்று சொல்லுகிறோம். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முந்திய அணை. நீளம் 1,080 அடி. நேர்கோடாக இல்லாமல் பாம்புபோல் வளைந்து கிடக்கிறது.

இதில் பெரிய அதிசயம் எது தெரியுமா? அணையின் அடியில் பாறை இல்லை. மணல்தான்!

மணலில் வீடு கட்டாதே என்பார்கள். நம் முன்னோர்களோ மணலில் அணையையே கட்டினார்கள். பெரிய பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். ஓடும் தண்ணீர் கல்லின் அடியில் உள்ள மணலை அரித்தது. கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கியது. மேலும் ஒரு கல். இனி இறங்காது என்ற நிலை வந்ததும், இடையே களிமண்ணைப் பூசி மேலே அணையை எழுப்பினார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே வந்த ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் இதைப் பார்த்து வியந்தார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த அணையிடமே கற்றுக்கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். பிறகு ஆந்திராவில் கோதாவரி நதிக்குக் குறுக்கே தவளேசுவரத்தில் அணை கட்டியபோதும் அந்தப் பாடம் அவருக்கு உதவியது. பெயர் தெரியாத சோழ நாட்டுக் கொத்தர்கள் சீமைப் பொறியாளருக்குக் குருவாக இருந்திருக்கிறார்கள்!

கைவிரல்கள் போல...

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். மணிக்கட்டு இருக்கும் இடத்தில் கல்லணை. அதிலிருந்து விரல்கள் பிரிவதுபோல் ஆறுகள் பிரிகின்றன.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் விட்டுவிடுவார்கள்.

காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராசன், முடிகொண்டான் என்று கிளைகள் போகின்றன. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று இன்னொரு கூட்டம்.

நீடாமங்கலம் அருகே ஓர் இடத்துக்கு மூணாறு தலைப்பு என்றே பெயர். வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரிந்து போவதை நேரில் பார்க்கலாம்.

கல்லணைக் கால்வாயை இப்பகுதி மக்கள் புது ஆறு என்கிறார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டப்பட்ட கால்வாய் அது. சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களையும் வயலாக்கியது.

ஆறு, கிளை ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், மடை, வயல். இப்படிப் படிப்படியாகத் தண்ணீர் இறங்குகிறது. ஒவ்வொரு தலைப்பிலும் கதவை ஏற்றவும் இறக்கவும் 'லஸ்கர்' என்ற ஊழியர் இருப்பார். அவர் எத்தனை அங்குலம் கதவைத் தூக்குகிறார் என்பதில் பல ஊர்களின் சாப்பாடு அடங்கியிருக்கிறது.

கர்ப்பிணிக்குச் சீர்

தண்ணீர் வந்த சில வாரங்களில் ஆடிப் பதினெட்டு வந்துவிடும்.

காவிரியைக் கர்ப்பிணிப் பெண்ணாக எண்ணி மக்கள் சீர் செய்யும் நாள் இது. வயலில் விதை முளைத்திருக்கிறது அல்லவா? அதைச் சுமப்பவள் அவள்தானே!

காதோலை, கருகமணி, மஞ்சள், பூ, பழம், காப்பரிசி எல்லாவற்றையும் படித்துறையில் வைத்துப் பெண்கள் கும்பிடுகிறார்கள். மஞ்சள் நூலைக் கழுத்திலும் கையிலும் கட்டிக்கொள்கிறார்கள். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுகிறார்கள். பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுக்கிறார்கள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம் என்று மூட்டை கட்டி எடுத்து வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் இல்லாமல், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சடங்கை முடித்த ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் கட்டுச்சோறு இருந்தது, சந்தோஷம் இல்லை.

குறுவை, சம்பா, தாளடி

இந்த மண்ணில் நெல்லுக்கு மூன்று பட்டங்கள்.

முதலாவது குறுவை. ஜூனில் நாற்று விட்டு, செப்டம்பர், அக்டோபரில் அறுப்பார்கள். ஏறக்குறைய 110 நாள் பயிர்.

இரண்டாவது சம்பா. ஆகஸ்டில் தொடங்கித் தை மாதத்தில் அறுவடை. நிதானமாக வளரும் நீண்ட நாள் பயிர். பொங்கல் பானையில் புத்தரிசி போடுவது சம்பாவால்தான்.

மூன்றாவது தாளடி. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே வயலில் மறுபடி நடுவதால் அந்தப் பெயர்.

இப்போது ஜூன் 12-ன் அவசரம் புரிகிறதா? தண்ணீர் தாமதமானால் குறுவை நடவு தள்ளிப்போகும். நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். ஐப்பசி மழை கதிர் மேலேயே கொட்டும். நெல் சாய்ந்து, நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். பிறகு தாளடிக்கும் நேரம் இருக்காது. ஒரு மாதத் தாமதம் ஒரு முழுப் பட்டத்தையே விழுங்கிவிடும்.

நெல்லோடு கதை முடியவில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பாசிப்பயற்றையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் வயல் காலியாகத் தெரியும். சில நாளில் பார்த்தால் தாளுக்கு நடுவே பயறு பச்சைப்பசேல் என்று எழுந்து நிற்கும். உழவு இல்லை, பாசனம் இல்லை. வயலில் மிஞ்சிய ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும். உங்கள் வீட்டு இட்லி மாவில் விழும் உளுந்து அப்படிப் பனி குடித்து வளர்ந்ததாக இருக்கலாம்!

நெல்லே சம்பளம்

இவ்வளவு நெல் விளைந்த நாட்டில் கோயில்களும் கலைகளும் வளர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்தான். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. 1987-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அதன் சுவர்களில் எழுத்து எழுத்தாக ஒரு பெரிய கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலில் ஆட 400 பெண்களை ராஜராஜன் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். பாடுகிறவர், மேளம் கொட்டுகிறவர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர் என்று யாரும் விட்டுப்போகவில்லை. எல்லோருக்கும் இத்தனை பங்கு நெல் என்று கல்லில் இருக்கிறது.

நடனத்துக்குச் சம்பளம் நெல். பாட்டுக்குச் சம்பளம் நெல். அந்த நெல்லுக்கு மூலதனம் காவிரித் தண்ணீர்.

கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்தது ஒரே ஊரில், திருவாரூரில். தியாகராஜர் வாழ்ந்து மறைந்த திருவையாற்றில், காவிரிக் கரையிலேயே, இன்றும் ஆண்டுதோறும் ஆராதனை நடக்கிறது.

கோயில்கள் மட்டுமா? நாகூர் தர்காவில் உள்ள உயரமான மினார் ஒன்றைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1715-ல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சானது அந்தக் கடற்கரை ஊரில்தான்.

வண்டலில் பிறந்த நடராஜர்

காவிரி தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை. வண்டலையும் கொண்டுவருகிறாள். மாவுபோல் மென்மையான மண்.

கும்பகோணம் பக்கத்தில் உள்ள சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்தபதிகள் முதலில் மெழுகில் சிலையைச் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மூக்கின் வளைவு, விரலின் நுனி எல்லாவற்றையும் அந்த மெல்லிய மண் அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால் உள்ளே தெய்வம்!

2023-ல் டில்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, மண்டபத்தின் முன்னால் நிறுத்திய நடராஜர் சிலையை உலகத் தலைவர்கள் பார்த்தார்கள். 27 அடி உயரம். சுமார் 18 டன் எடை. அது சுவாமிமலையில் செய்தது.

பக்கத்திலேயே நாச்சியார்கோயில். அங்கே செய்யும் குத்துவிளக்குக்கும் ஆற்று வண்டலில்தான் அச்சு. திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். தஞ்சாவூரில் தலையாட்டிப் பொம்மை, ஓவியம், வீணை. நல்ல வீணையை ஒரே பலாமரத்தில் குடைந்து எடுப்பார்கள்.

நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்கிறார்கள். ஆச்சா மரத்தைப் பல ஆண்டுகள் பழைய மரமாகத் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி, ஆற்றங்கரையில் வளரும் நாணலில் செய்தது. நாதசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த திருவாவடுதுறையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

கும்பகோணம் வெற்றிலைக்கும் இதே வண்டல்தான் தாய்வீடு. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பக்கம் கொடிக்கால்கள் உண்டு. அகத்தியை நட்டு அதன் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிடுவார்கள். 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்கு வைத்து விற்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

சேற்றில் நின்றவர்கள்

பெருமையைப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நெல் தானாக விளையவில்லை. யாரோ சேற்றில் நின்றார்கள். யாரோ குனிந்து நட்டார்கள்.

பழைய தஞ்சை ஜில்லாவில் நிலம் சிலரிடம், உழைப்பு பலரிடம். பண்ணையாட்கள் சூரியன் உதிக்கும் முன்பே வயலில் இறங்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் சாட்டையடி. சாணிப்பால் குடிக்க வைத்த கொடுமையும் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள்.

விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் கூலிக்கான சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உயிர் தப்ப உள்ளே ஒளிந்திருந்த 44 பேர் கருகி மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு, விவசாயத் தொழிலாளருக்கு நியாயக் கூலி தரும் சட்டம் வந்தது.

கீழ்வெண்மணிக் கொடுமையைக் கேட்டு இந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். 1981-ல் அவர்கள் தொடங்கிய இயக்கம், நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலத்தை வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். கூலிக்கு நட்ட பெண்கள் சொந்த வயலில் நட்டார்கள். 2008-ல் அந்தத் தம்பதிக்கு, மாற்று நோபல் பரிசு என்று சொல்லப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது.

இரண்டு கிலோ விதை

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. 1965-ல் அங்கிருந்து வந்த ஆடுதுறை 27 என்ற ரகம், ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கியது. குறுவைக்கு ஏற்ற குறைந்த வயது. உணவுப் பஞ்சம் வாட்டிய காலத்தில் அது தஞ்சை வயல்களை நிரப்பியது. நாட்டின் பசியைத் தணித்ததில் அதற்கும் பங்கு உண்டு.

ஆனால் புது ரகங்கள் வர வர, பழைய ரகங்கள் மறைந்தன. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம், குடவாழை என்ற பெயர்களே பலருக்கு மறந்துபோயின. காட்டுயானம் ஆளை மறைக்கும் உயரம் வளரும், வெள்ளத்துக்கு அஞ்சாது. குடவாழை வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணையும் தாங்கும்.

இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் 2003-ல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைபயணம் போனார். கூடப் போனவர்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஜெயராமன். மறைந்துகொண்டிருந்த விதைகளைத் தேடும் எண்ணம் அவருக்கு அப்போது வலுத்தது.

2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். காசு வேண்டாம். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை! இந்த எளிய கணக்கில் 174 பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டன. ஊர் அவருக்கு 'நெல்' ஜெயராமன் என்று பெயர் வைத்தது. 2018 டிசம்பரில் அவர் காலமானார். விதைகள் பரவிக்கொண்டிருக்கின்றன.

கடைமடை

நம் பயணம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

திருச்சியில் பாலத்தில் நின்று பார்த்தால் அகன்ற ஆறாகத் தெரிகிற காவிரி, பூம்புகாரில் கடலில் சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் வழியிலேயே கொடுத்துவிட்டாள்.

கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை, கொள்ளிடம் பக்கத்து ஊர்கள் எல்லாம் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம்.

மேலே உள்ள விவசாயிக்கு ஆறு தாமதமானாலும் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. மோட்டாரைப் போட்டு நாற்று விட்டுவிடலாம். கடைமடையில் அது நடக்காது. நிலத்தடியில் கடல் உப்பு ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகாது. ஆற்றுத் தண்ணீரும் மழையும்தான் கதி. அதனால் பலர் காய்ந்த மண்ணிலேயே நெல்லை நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வறட்சியில் தண்ணீர் கடைசியாக வரும் அந்த ஊருக்கு, மழைக்காலத்தில் எல்லா ஊர்த் தண்ணீரும் ஓடி வரும். மேலே வடிந்த வெள்ளம் எல்லாம் அவர்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால் வெள்ளம் வடியாது. பயிர் அழுகும்.

2016-ல் ஆற்றுத் தண்ணீரும் போதவில்லை, மழையும் சரியாகப் பெய்யவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரு தென்னை மறுபடி காய்க்கப் பல ஆண்டு ஆகும். அத்தனைக்கும் பிறகு அந்த மக்கள் எழுந்து மறுபடி நட்டார்கள்.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று முடிவாயிற்று. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதற்கு அது தடை போட்டது.

தீர்ப்பும் சட்டமும் வேண்டியவைதான். ஆனால் அவை மட்டும் போதாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பழையதைப் பார்த்துப் பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம். தண்ணீர் திறக்கும் முன்பே வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும். முன்பு ஊரே கூடிச் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். மண்வெட்டி எடுத்துப் போகாத வீட்டைப் பார்த்து ஊர் கேள்வி கேட்கும்.

களத்தில் காத்திருக்கும் நெல்

அறுவடை ஆனதும் கவலை தீர்ந்துவிட்டதா? இல்லை.

நெல்லை சர்க்காரின் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குறுவை அறுவடையோ மழை தொடங்கும் நேரம். காய வைக்கக் களம் போதாது. சாலையிலேயே நெல்லைப் பரப்புகிறார்கள். மேகம் திரண்டால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு குடும்பமே ஓடுகிறது. விரிப்பதும் மூடுவதுமாக நாள் போகிறது.

நாலு மாதம் காப்பாற்றிய பயிரை நாலு நாள் மழையில் இழப்பது எவ்வளவு பெரிய வேதனை! வேண்டியவை பெரிய அதிசயங்கள் அல்ல. ஊருக்கு ஒரு நல்ல களம். தலைக்கு மேல் ஒரு கூரை. உலர்த்தும் இயந்திரம். காலத்தில் எடை போட்டுக் காலத்தில் பணம். இவை இருந்தால் விவசாயி தன் மகனைப் பார்த்து, "நீயும் இந்த வயலைப் பார்த்துக்கொள்" என்று தைரியமாகச் சொல்லுவான்.

கடைசி வயல்

காவிரி வந்துவிட்டாள் என்று எப்போது சொல்லலாம்?

மேட்டூர் நிரம்பியபோது அல்ல. கல்லணையில் பூத் தூவியபோதும் அல்ல. கடைமடையில் உள்ள கடைசி வயலின் மடையைத் திறந்து, அந்த விவசாயி ஒரு கை தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரே, அப்போதுதான் காவிரி வந்தாள் என்று பொருள்.

தலைமடைக்காரர் தேவைக்கு மேல் தேக்காமல் விட்டால்தான் அது நடக்கும். லஸ்கர் கதவை அளவாகத் திறந்தால்தான் அது நடக்கும். ஊர் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவாக வைத்தால்தான் அது நடக்கும். ஆயிரம் பேரின் நியாயம் ஒன்று சேர்ந்துதான் ஒரு கடைசி வயல் நனைகிறது.

வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். இலையில் விழும் சோறு எந்த ஊர் நெல்லோ நமக்குத் தெரியாது. கல்லணைக்குப் பக்கத்து வயலாக இருக்கலாம். வேதாரண்யத்துக் கடைமடையாகவும் இருக்கலாம்.

சோற்றை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இந்தத் தண்ணீர் நடந்து வந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.